தர்மம் எந்த வரியில்?

தர்மம் தலைகாக்கும் என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். தலையைக் காக்கும் என்றுதான் சொன்னார்களே தவிர, வருஷக் கடைசியில் பேரேட்டைப் புரட்டினால் லாபமும் காட்டும் என்று சொல்லவில்லை. இந்தக் காலத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தர்மம் செய்தால் என்ன கிடைக்கும், எத்தனை சதவிகிதம் கிடைக்கும், எத்தனை வருஷத்தில் கிடைக்கும் என்று கேட்கிறது. கேட்பதோடு நில்லாமல் அதற்கென்று ஆராய்ச்சிகளும் நடத்துகிறது. ‘கம்பெனிகளின் சமூகப் பொறுப்புக்கும் அவற்றின் லாபத்துக்கும் உள்ள சம்பந்தம்’ என்று அந்த ஆராய்ச்சிக்கு நீளமான பெயர் ஒன்றும் உண்டு.

கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கொடுக்கிறவன் மனசில் என்ன இருந்தது, வாங்குகிறவன் மனசில் என்ன இருந்தது என்பதுதான் பாதிக் கதைகளின் கரு. ஆகவே இந்தக் கணக்கைக் கணக்குப்பிள்ளைகளிடம் மட்டும் விட்டுவிட எனக்குச் சம்மதமில்லை. பழைய சரித்திரத்தில் இதற்கு என்ன விடை இருக்கிறது என்று பார்ப்போம்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகிற சாலையில், ஏறக்குறையப் பாதி வழியில் கிளியனூர் இருக்கிறது. பழைய தென்னாற்காடு ஜில்லா. இப்போது விழுப்புரம் மாவட்டம், வானூர் தாலுகா. ஊரின் பழம் பெயர் திருக்கிளியன்னவூர். ஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற சிவஸ்தலம். இந்த மாதிரிப் பழைய கோயில்கள் நிறைந்த நாட்டில், கல்வெட்டு வாசிக்கிறவர்களுக்கு ஒரு சொற்றொடர் நன்றாகத் தெரிந்திருக்கும்: ‘சாவா மூவாப் பேராடு.’ சாகாத, கிழடாகாத ஆடுகள்!

இது புராணத்து ஆடு அல்ல. கோயிலில் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும் என்று ஒருவர் ஆடுகளைத் தானமாக விடுவார். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். வேறு பல ஊர்களில் 90. அந்த ஆடுகளை இடையர் ஒருவர் ஏற்றுக்கொண்டு, தினம் உழக்கு நெய் கோயிலுக்கு அளப்பார். ஆடு சாகும், கிழடும் ஆகும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே போக வேண்டும். கணக்கில் அந்த 96 ஒருநாளும் சாவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உழக்கு நெய் முதலில். மிச்சம் இருக்கும் பாலும் குட்டியும் பிறகு இடையருக்கு. ‘இந்த வருஷம் மழை இல்லை, மேய்ச்சல் இல்லை, லாபம் வந்தால் நெய் ஊற்றுகிறேன்’ என்று சொல்ல அந்தக் கல்லில் இடமே கிடையாது. தர்மம் லாபத்துக்கு முந்திய வரியில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு, ஆட்டு மந்தையிலிருந்து மில்லுக்கு வரலாம்.

வெகு தூரம் போக வேண்டியதில்லை. கிளியனூர்ச் சாலையின் மறுமுனை புதுச்சேரி. ஒரு காலத்தில் கிளியனூர் பிரிட்டிஷ் இந்தியா. அந்த முனை பிரெஞ்சு இந்தியா. தென்னாற்காட்டில் அவுரி விளைந்த காலத்தில், அந்த நீலத்தில் தோய்ந்த துணி புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவரை போயிற்று. 1820-களின் கடைசியிலேயே அங்கே யந்திர நூற்பு ஆலை ஏற்பட்டது. 1898-ல் ரோடியர் மில் என்று ஜனங்கள் சொன்ன ஆங்கிலோ-பிரெஞ்சு மில் வந்தது. அந்த மில்களில் வேலை நேரம் நீண்டது; கூலி குறைவு; சங்கம் வைக்க உரிமை இல்லை. சமூகப் பொறுப்பு என்ற சொல்லை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

1936-ல் வ. சுப்பையாவின் தலைமையில் தொழிலாளர்கள் எட்டு மணி வேலையும் சங்க உரிமையும் கேட்டு நின்றார்கள். அந்த வருஷம் ஜூலை 30-ஆம் தேதி பிரெஞ்சு அரசாங்கத்தின் துப்பாக்கி பதில் சொல்லிற்று. பன்னிரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த வருஷம், 1937-ல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி வேலைச் சட்டம் வந்தது. இன்றும் ஜூலை 30 புதுச்சேரியில் தியாகிகள் தினம்.

எட்டு மணி வேலை வந்தால் ஆலை நடக்காது என்பது உலகமெங்கும் முதலாளிகள் சொன்ன வாதம். ஆங்கிலோ-பிரெஞ்சு மில் அந்தச் சட்டத்துக்குப் பிறகு எண்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. 1986-ல் புதுச்சேரி அரசாங்கத்தின் கைக்கு மாறி, 2020-ல்தான் அதன் கதவு மூடிற்று. பன்னிரண்டு உயிருக்கு விலையாக மறுக்கப்பட்ட ஒரு காரியம், கொடுத்த பிறகு பார்த்தால் மில்லைக் கவிழ்க்கிற காரியமாக இல்லை.

‘இது கொடாக்கண்டன் கதை, கொடுத்த முதலாளியின் கதையைச் சொல்’ என்று யாராவது கேட்பார்கள். சரி, சென்னைக்குப் போவோம்.

பெரம்பூரில் பின்னி கம்பெனியார் நடத்திய மில்கள் இரண்டு. பக்கிங்ஹாம் மில் 1876-ல் ஏற்பட்டது; கர்னாடிக் மில் 1881-ல். பிற்பாடு இரண்டும் ஒன்றாகி ‘பி அண்டு சி மில்’ என்று நிலைத்தது. அதன் காக்கித் துணி உலகப் பிரசித்தம். இந்தியாவில் நல்ல முதலாளி யார் என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டால் பின்னியைத்தான் காட்டுவார்கள். மில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. வைத்தியசாலை இருந்தது. பின்னால் தொழிலாளருக்கு வீடுகளும் கட்டினார்கள். வந்து பார்த்த பெரிய மனிதர்கள் மெச்சிவிட்டுப் போனார்கள்.

அப்படிப்பட்ட மில்லின் வாசலில்தான் இந்தியாவின் முதல் ஒழுங்கான தொழிற்சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அந்தப் பக்கத்தில் பக்திப் பிரசங்கங்களுக்காக ஒரு சபை நடத்தி வந்தார்கள். பகவானைப் பற்றிக் கேட்க வந்த மில் தொழிலாளிகள் தங்கள் கஷ்டத்தைப் பற்றிப் பேசினார்கள். திரு.வி.க. வந்து பேசினார். பி. பி. வாடியா வந்தார். 1918-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது.

முதலில் அவர்கள் கேட்டது என்ன? ராஜ்யம் கேட்கவில்லை. சாப்பாட்டு வேளை கேட்டார்கள். மத்தியானம் கிடைத்தது அரை மணி நேரம். ஆயிரக்கணக்கான பேர் அதற்குள் வெளியே வந்து, கை கழுவி, இரண்டு கவளம் வாயில் போட்டு, மறுபடி கதவுக்குள் போக வேண்டும். இன்னும் பத்து நிமிஷம் வேண்டும் என்பது ஆரம்பக் கோரிக்கைகளில் ஒன்று.

பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த கைக்குப் பத்து நிமிஷம் கொடுக்க வராததை எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஆகிற செலவு பெரிசு. பத்து நிமிஷத்துக்கு ஆகிற செலவு சிறிசு. ஆனால் பள்ளிக்கூடம் முதலாளி இஷ்டப்பட்டுக் கொடுத்தது. அதன் பேர் தயை. பத்து நிமிஷம் தொழிலாளி கேட்டு வாங்குவது. அதன் பேர் உரிமை. தயை எவ்வளவு வேண்டுமானாலும் பெருகலாம், உரிமை ஒரு துளிகூட முளைக்கக் கூடாது என்பது அந்தக் காலத்து நல்ல முதலாளியின் சித்தாந்தம்.

பிறகு நடந்தது சரித்திரத்தில் இருக்கிறது. கதவடைப்புகள், வேலை நிறுத்தங்கள். 1920 டிசம்பரில் துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் சாவு. தொழிலாளரைத் தூண்டி நஷ்டம் உண்டாக்கினார் என்று வாடியா பேரில் ஹைகோர்ட்டில் வழக்கு, தடையுத்தரவு. 1921-ல் மாதக்கணக்கில் நீண்ட வேலை நிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் என்று பிளந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. மறுபடி துப்பாக்கி வெடித்தது. அத்தனை மாதங்கள் நின்ற தறிகளின் நஷ்டத்தைக் கணக்கெடுத்திருந்தால் எத்தனை பத்து நிமிஷங்களுக்குச் சமமாகியிருக்கும்! சங்கம் வைத்தவன் பேரிலேயே வழக்குப் போடலாம் என்ற நிலைமை நாட்டைக் கலக்கியதால்தான் 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இது பின்னி கம்பெனியார் விரும்பாமல் செய்த சமூக சேவை.

மூன்றாவதாக ஒரு மில். நாக்பூரில் ஜாம்ஷெட்ஜி டாட்டா 1877 ஜனவரி முதல் தேதி எம்பிரஸ் மில்லைத் திறந்தார். அவருக்கு வந்த முதல் தலைவலி, ஆட்கள் ஒழுங்காக வேலைக்கு வராதது. அபராதம் போடுவது அந்தக் காலத்து வழக்கமான மருந்து. அவர் வேறு விதமாக யோசித்தார். ஆலைக்குள் காற்றும் ஈரமும் சீராக இருக்க வழி செய்தார். தீ அணைக்கும் குழாய்கள் போட்டார். ஒழுங்காக வருகிறவருக்குப் பரிசு வைத்தார். ஓய்வுப் பணம், விபத்து நஷ்ட ஈடு, பிறகு 1901-ல் சேமநல நிதி என்று வரிசையாக வந்தன. அந்த மில் பங்குதாரர்களுக்கும் தாராளமாக டிவிடெண்டு கொடுத்தது. ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் 1912-லேயே எட்டு மணி வேலை வந்துவிட்டது. புதுச்சேரியில் பன்னிரண்டு பேர் அதற்காக உயிர் விடுவதற்கு இருபத்துநாலு வருஷம் முன்னால்!

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. 1914 ஜனவரியில் அமெரிக்காவில் ஹென்றி போர்டு தம் மோட்டார்த் தொழிற்சாலையில் தினக்கூலியை ஒரேயடியாக ஐந்து டாலராக உயர்த்தி, ஒன்பது மணி வேலையை எட்டு மணியாகக் குறைத்தார். அதற்கு முன் கூலி இரண்டரை டாலருக்கும் குறைவு. உலகம் அவரை வள்ளல் என்றது. காரணம் வேறு. முந்திய வருஷம் அவருடைய தொழிற்சாலையில் ஆட்கள் வருவதும் ஓடுவதுமாக, ஓர் இடத்துக்கு வருஷத்தில் மூன்று நான்கு பேரை மாற்றி மாற்றி எடுக்க வேண்டியிருந்தது. கூலியை உயர்த்தியதும் ஓட்டம் நின்றது. அது சிக்கனம்தான் என்று போர்டே சொல்லிக்கொண்டார்.

ஆனால் அதே போர்டு பின்னால் ஒரு சிக்கலில் மாட்டினார். டிவிடெண்டைக் குறைத்து அந்தப் பணத்தில் தொழிற்சாலையைப் பெருக்கப் போகிறேன், கார் விலையைக் குறைத்து ஜனங்களுக்கு நன்மை செய்யப் போகிறேன் என்றார். டாட்ஜ் சகோதரர்கள் என்ற பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 1919-ல் மிச்சிகன் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று: கம்பெனி என்பது முதன்மையாகப் பங்குதாரரின் லாபத்துக்காக நடப்பது, டிவிடெண்டைக் கொடு! ‘எல்லாம் லாபத்துக்குத்தான்’ என்று கோர்ட்டில் சொல்லியிருந்தால் ஜயித்திருப்பார் என்று சட்டம் படித்தவர்கள் இன்றும் சொல்வதுண்டு. நன்மையை நன்மை என்று சொல்லக்கூடாது, லாபம் என்று வேஷம் போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும் என்ற பழக்கத்துக்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம்.

அப்படியானால் நல்லது செய்தால் லாபம் வரும் என்பது நிரூபணமாகிவிட்டதா? ஆராய்ச்சிக்காரர்கள் பல தேசத்துக் கம்பெனிக் கணக்குகளை வருஷக்கணக்காகக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். மொத்தத்தில் இரண்டும் கொஞ்சம் சேர்ந்துதான் போகின்றன என்பது பெரும்பாலோர் கண்ட முடிவு. கொடுத்ததால் பணம் வந்ததா, பணம் இருந்ததால் கொடுத்தார்களா என்று கேட்டால் இரண்டும் உண்டு என்கிறார்கள். கிராமத்தில் இதைக் கேட்டிருந்தால், நிறைகுடம் இருக்கிற வீட்டில்தான் தண்ணீர்ப் பந்தல் வைப்பார்கள் என்று எந்தப் பாட்டியும் சொல்லியிருப்பாள்.

எனக்கு வேறு ஒரு விசாரம். நாம் பார்த்த மூன்று மில்களின் கடைசி அத்தியாயத்தையும் படித்துவிடுங்கள். ஒன்றும் தராத புதுச்சேரி மில் மூடிற்று. தயை காட்டிய பின்னி மில் 1996-ல் மூடிற்று. நியாயமாக நடந்த எம்பிரஸ் மில்லும் 1980-களில் டாட்டாக்கள் கையை விட்டுப் போய், பிறகு மூடிற்று. பழைய யந்திரம், விசைத்தறிப் போட்டி, மாறிய சந்தை எல்லாமாக நல்ல மில்லையும் கெட்ட மில்லையும் ஒரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோயின. நியாயம் செய்ததற்கு லாபமே சாட்சி என்று நம்பியவன், இந்த மூன்றாவது மில்லின் பூட்டிய கதவுக்கு எதிரில் என்ன பதில் சொல்வான்? லாபம் தருகிறது என்பதற்காக நியாயம் செய்தால், லாபம் தராத வருஷத்தில் நியாயத்தையும் நிறுத்திவிட வேண்டும். அதுதான் அந்த வாதத்தின் ஆபத்து.

மில்கள் போனாலும் சில காரியங்கள் போகவில்லை. எம்பிரஸ் மில்லில் இருந்த விபத்து நஷ்ட ஈடு 1923-ல் நாட்டுச் சட்டமாயிற்று. சேமநல நிதி 1952-ல் சட்டமாயிற்று. பின்னி வாசலில் கேட்ட சங்க உரிமை சட்டமாயிற்று. புதுச்சேரியில் கேட்ட எட்டு மணியும் சட்டமாயிற்று. முதலாளி இஷ்டத்தில் இருந்தவரை அவை ஒரு மில்லோடு வாழ்ந்தன. லாபத்துக்கு முந்திய வரிக்கு மாறியதும் மில்லைவிட அதிக ஆயுள் பெற்றன.

இந்த ரகசியம் நம் வியாபாரிகளுக்குப் புதிதல்ல. சிவகங்கைப் பக்கத்துப் பிரான்மலையில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பல ஊர் வணிகர்கள் கூடி, இன்ன சரக்கின் பொதிக்கு இவ்வளவு கோயிலுக்கு என்று தங்களுக்குத் தாங்களே ஒரு மகமை விதித்துக்கொண்டார்கள். அதே மகமை என்ற சொல்லைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களின் நாடார் வியாபாரிகள் கையாண்டார்கள். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று உறவின்முறைப் பொது நிதிக்குப் போயிற்று. ஆரம்பத்தில் அது சொந்தப் பாதுகாப்புக்காகத்தான்: வழிப்பறி நிறைந்த காலத்தில் வண்டியும் மாடும் சரக்கும் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். பிறகு கிணறு, கோயில், பள்ளிக்கூடம். 1889-ல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றிற்று. மகமையோடு வீட்டுக்கு வீடு பிடியரிசியும் சேர்ந்து அதை வளர்த்தது. காமராஜர் படித்த பள்ளிக்கூடம் அது.

அந்த நிதி மூட்டையின் பேரில் விதிக்கப்பட்டது. லாபத்தின் பேரில் அல்ல. விற்றவனுக்கு லாபமா நஷ்டமா என்று மகமை கேட்பதில்லை. மூட்டை நகர்ந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பங்கு உண்டு. அதனால் வியாபாரம் கெட்டதா? அந்த ஊர்களின் வியாபாரம் பெருகி, 1921-ல் தூத்துக்குடியில் சொந்தமாக ஒரு பாங்கே வைக்கிற அளவுக்கு வந்தது. மகமைதான் அதற்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மகமை அதற்குக் குறுக்கே நிற்கவில்லை என்று சொல்லலாம். சரக்கு பத்திரமாகப் போய்ச் சேரும் என்ற நம்பிக்கையையும், கணக்குப் படித்த பிள்ளைகளையும் அது தந்தது என்றும் சொல்லலாம்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, பெரிய கம்பெனிகள் முந்திய மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் குறைந்தது நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், அல்லது 500 கோடி சொத்து மதிப்பு, அல்லது 5 கோடி லாபம் உள்ள கம்பெனிகள் இதில் அடங்கும். 2014 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. இதனால் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குக் கழிப்பறையும் பெஞ்சும் குடிநீர்த் தொட்டியும் வந்திருக்கின்றன. அதைக் குறை சொல்கிறவன் அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதவனாகத்தான் இருப்பான்.

ஆனாலும் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. தம்மிக்க தர்மபால, விக்ரமாதித்ய கன்னா என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று. இரண்டு சதவிகிதத்துக்குக் குறைவாகச் செலவிட்டு வந்த கம்பெனிகள் சட்டம் வந்த பிறகு கூட்டின. அதற்கு மேல் செலவிட்டு வந்த பெரிய கம்பெனிகளோ குறைத்துக்கொண்டன என்று கண்டார்கள். குறைந்தபட்சம் என்று போட்ட கோடு, சில இடங்களில் போதும் என்கிற கோடாக ஆகிவிட்டது.

இரண்டாவது, கம்பெனி தன் தொழிலாளருக்கென்று மட்டும் செய்கிற நன்மை இந்தக் கணக்கில் சேராது. சொந்த ஆட்களுக்கு எப்படியும் செய்ய வேண்டியதைத் தர்மம் என்று எழுதி ஏமாற்றக் கூடாது என்பது விதியின் நோக்கம், நல்ல நோக்கம்தான். பின்னி மில்லின் பள்ளிக்கூடம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தால் இன்றைய கணக்கில் ஏறும். பத்து நிமிஷச் சாப்பாட்டு வேளை எந்தக் காலத்திலும் ஏறாது. ஏறவும் வேண்டாம். அது தர்மக் கணக்கில் அல்ல, கடன் கணக்கில் இருக்க வேண்டிய தொகை.

ஆகவே, ‘தர்மம் செய்தால் கம்பெனிக்கு லாபம் வருமா?’ என்ற கேள்விக்கு, வரலாம், வராமலும் போகலாம் என்பதற்குமேல் சரித்திரம் பதில் சொல்லவில்லை. அது வேறொரு கேள்வியைத்தான் நம்மிடம் திருப்பிக் கேட்கிறது: லாபத்தைக் கணக்கிடுமுன்னே யார் யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கழித்தாய்?

இனிமேல் பள்ளிக்கூடச் சுவரிலோ பஸ் நிழற்குடையிலோ ஒரு கம்பெனியின் பெயரைப் பார்த்தால் நன்றியோடு வாசியுங்கள். வாசித்துவிட்டு, அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறவர் யாராவது அகப்பட்டால் ஒரு வார்த்தை கேளுங்கள்: ‘மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட எவ்வளவு நேரம் விடுகிறார்கள்?’ சுவரில் எழுதாத கணக்கு அந்தப் பதிலில் இருக்கும்.